ஜெயபுரத்துக்கு வேவு பார்க்கப் போனேன்

சனிக்கிழமை காலை 5.40க்கு முள்ளியவளையில் பஸ் ஏறினேன். என் மகள் வினோதா ஜெயபுரத்தில் முன்பள்ளி ஆசிரியை. இரண்டு மாதமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. கேட்டால், "கழகத்தில வேலை இருக்கப்பா" என்கிறாள். இளைஞர் கழகமாம். இந்த மண்ணில் பிள்ளைகள் ஒன்றுகூடினால் என் வயதுக்காரருக்குப் பயம். சண்டைக் காலத்தில் அப்படிக் கூடிப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவளைக் கையோடு கூட்டி வருவதென்றே புறப்பட்டேன்.

9.15க்குக் கிளிநொச்சி. ஜெயபுரம் பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் உர மூட்டையோடு நின்றவரின் வாயைக் கிளறினேன்.

"இந்தக் கழகத்துக்குப் பின்னால ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. போன மாரியில என்ர வயல் வரம்பு உடைஞ்சது. அவைதான் வந்து கட்டித் தந்தவை."

சும்மா உதவி செய்கிறவர்களை எனக்கு இன்னும் கூடுதலாகச் சந்தேகம்.

பகல் 12.10க்கு ஜெயபுரத்தில் இறங்கி, செம்மண் ஒழுங்கையில் ஒரு கிலோமீற்றர் நடந்தேன். ஒரு வளவில் இருபது பேர் வேலி அடைத்துக்கொண்டிருந்தார்கள். வினோதா கிடுகு தூக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டு வேலை, அந்த வீட்டிலேயே எல்லோருக்கும் சாப்பாடு. அதுதான் கழகத்தின் வழக்கமாம். இன்றைக்குச் செயலாளர் சரோஜாவின் வீடு.

கொடி எங்கே, காசு யார் தருவது, பெயர்ப் பட்டியல் யாருக்குப் போகிறது என்று சரோஜாவைக் குடைந்தேன். "பட்டியல் இல்லை ஐயா. வராட்டி வீட்டை போய்ப் பார்ப்பம், சுகமில்லையோ எண்டு." அதையும் நான் நம்பவில்லை.

சரோஜாவின் தாய் சோற்றுக் கோப்பையோடு வந்து நின்றார். "சாப்பிடுங்க ஐயா."

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. எங்கள் ஆட்கள் இந்த வீடுகளில் கை நனைப்பதில்லை.

"இப்பதான் கடையில சாப்பிட்டனான்" என்றேன். அதிகாலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அந்த அம்மா கோப்பையைத் திருப்பிக் கொண்டுபோனார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கூப்பிட்டுக் கேட்க வாய் வரவில்லை.

2.30க்கு வினோதா என்னை பஸ் தரிப்பிடம்வரை கூட்டிவந்தாள்.

"வெளிக்கிடு பிள்ளை, வீட்டை போவம். அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா."

"வாறன். சரோஜாவையும் கூட்டிக்கொண்டு வரட்டே?"

நான் பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"இஞ்ச நான் எல்லா வீட்டிலயும் சாப்பிடுறன் அப்பா. அவளுக்கு எங்கட வீட்டில எதில தேத்தண்ணி குடுப்பியள்?"

பஸ் வந்தது. தனியாகத்தான் ஏறினேன். பரந்தன் தாண்டும்வரை அந்தக் கழகத்தில் ஒரு பிழை பிடிக்கத்தான் பார்த்தேன், அகப்படவில்லை.

அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். எங்கள் குசினிக்கு வெளியே, யன்னல் விளிம்பில், ஒரு சில்வர் பேணி தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். வயலில் புல்லுப் பிடுங்க வருகிற ஆட்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க. அதை வாங்கி வைத்தது நான்தான்.