பாட்டு நின்றால் ஓட வேண்டும்

ஓசெல்லா பிரூயிட் லூயிசியானாவில் பிறந்தவள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கட்டும் வேலைக்கு ஓக்லாந்து வந்தாள். போர் முடிந்ததும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டது அவளைப் போன்ற கறுப்புப் பெண்கள்தான். பிறகு முதியோர் இல்லத்தில் வேலை. எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிவிடுவது, கழுவிவிடுவது, ஊட்டுவது என்று இருபத்தாறு வருடம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சபையில் பாட்டெடுத்துக் கொடுப்பாள். அவள் ஒரு வரி சொல்ல, சபை அதையே இழுத்து நீட்டிப் பாடும். பாட்டுப் புத்தகம் இல்லாத காலத்துப் பழக்கம். புத்தகம் வந்த பிறகும் யாரும் அதை விடவில்லை.

1973 கோடையில் அவள் சினிமாவில் தலைகாட்டியதற்குக் காரணம் தம்பி கார்னெல். டிராம்போன் என்ற நீளமான பித்தளை ஊதுகுழல் வாசிப்பவன். வயது நாற்பத்தைந்து, வாய் மட்டும் இன்னும் பதினைந்தைத் தாண்டவில்லை.

"அக்கா, விண்கப்பல் படம். நம்ம சனங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு வேற கிரகத்துக்குப் போகுது. பெட்ரோல் கிடையாது. நீ பாடினாத்தான் கிளம்பும்."

"அங்க போயும் நான்தான் எல்லாருக்கும் படுக்கை மாத்தணுமா?"

"அங்க யாருக்கும் வயசே ஆகாதாம்."

"அப்ப எனக்கு அங்க என்னடா வேலை?"

ஆனாலும் போனாள். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. பழைய பேருந்தின்மேல் வெள்ளித்தாளை ஒட்டிக் கப்பலாக்கியிருந்தார்கள். சபையிலிருந்து முப்பது பேர், வெள்ளி அங்கியில், கையில் பானை, மத்தளம், எக்காளத்தோடு. கார்னெலின் டிராம்போனிலும் தாளைச் சுற்றி, ஒரு குழாயைச் செருகி நீளமாக்கி, தோளில் சாய்த்துத் தெருவைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லியிருந்தான் வெண்டல். படம் எடுக்கிறவன் அவன்தான். கையில் இருந்த பிலிம் ஒரே ஒரு தடவைக்குத்தான் போதும்.

"சிஸ்டர் ஓசெல்லா பாடி முடிக்கிற வரைக்கும் யாரும் இமைகூட அசைக்காதீங்க. பாட்டு நின்ன நிமிஷமே எல்லாரும் கப்பலைப் பார்த்து ஓடணும். உசிரு போற மாதிரி ஓடணும்."

புகை போட்டார்கள். ஓசெல்லா பாட ஆரம்பித்தாள்.

புகையைப் பார்த்து யாரோ போன் செய்திருக்க வேண்டும். இரண்டாவது அடி பாடும்போது போலீஸ் வண்டி வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி. மற்றவர்கள் கப்பலைப் பார்த்து நின்றார்கள். தெருவைப் பார்த்து நின்றது ஓசெல்லாவும் கார்னெலும் மட்டும்தான். துப்பாக்கி இரண்டும், தூரத்தில் பீரங்கி போலத் தெரிந்த குழாயோடு நின்ற கார்னெலைக் குறிபார்த்தன. போலீஸ்காரர்களில் சின்ன வயதுக்காரனின் கை நடுங்கியதை அவள் கவனித்தாள். நடுங்கும் கையை நம்ப முடியாது என்பது அவள் தொழிலில் தெரிந்துகொண்டது.

"ஏய், நிறுத்துடி!"

பாட்டை நிறுத்தப் போனவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் முப்பது பேரும் ஓடுவார்கள். கார்னெலும் திரும்பி ஓடுவான், அந்தக் குழாயோடு.

பாடினாள். நாக்கு ஒட்டியது. சொல்லிக்கொடுத்த பாட்டு தீர்ந்துபோனது. இரண்டு மூச்சுக்குமேல் தாங்காது என்று தெரிந்ததும், சபையில் எடுத்துக்கொடுக்கிற அதே ராகத்தில் ஒரு வரியைச் சொன்னாள்.

"நின்ற இடத்திலேயே நிற்போம் நாம்..."

முப்பது பேரும் பழக்கத்தில் அதை வாங்கி, இழுத்துப் பாடினார்கள். அவளுக்கு மூச்சு கிடைத்தது.

"கையில் உள்ளதை மெல்ல இறக்குவோம்..."

பாடிக்கொண்டே பானை, மத்தளம், எக்காளம் எல்லாவற்றையும் தரையில் வைத்தார்கள். கார்னெல் மட்டும் இறக்கவில்லை. போலீஸ்காரனை முறைத்துக்கொண்டு நின்றான்.

"கார்னெல் தம்பி, குழாயை வையடா..."

அதையும் முப்பது பேர் பக்தியோடு பாடினார்கள். அவன் குனிந்து வைத்தான். விரல்களை விரித்துக் காட்டினான்.

மூத்த போலீஸ்காரன் கிட்டே வந்து குழாயைக் காலால் உருட்டினான். வெள்ளித்தாள் கிழிந்து பித்தளை தெரிந்தது. கேமராவைப் பார்த்தான். வெண்டல் வெளிறிப்போய்க் கையைத் தூக்கி நின்றான்.

"சினிமாவா? ஒரு மணி நேரத்துல இடத்தைக் காலி பண்ணுங்க."

வண்டி முனை திரும்பி மறையும் வரை ஓசெல்லா வரி மேல் வரியாக எடுத்துக் கொடுத்தாள். என்ன சொன்னாள் என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. பயத்தில் பாவாடை நனைந்திருந்தது. பிறகு நிறுத்தினாள்.

ஒருவரும் ஓடவில்லை.

"ஓடுங்க! பிலிம் இன்னும் ஓடுது!" என்று வெண்டல் கத்தினான். ஒரு கால்கூட அசையவில்லை. கார்னெல்தான் முதலில் வாயைத் திறந்தான். "வையடாவா? சபை முழுக்க என்னை வையடான்னு பாட வச்சுட்டியே, அக்கா!" அவனை ஓங்கி ஒரு அறை விட்டாள். அந்தக் கையாலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். விட மனமில்லாமல் ரொம்ப நேரம் பார்த்தாள். மூன்று மணிக்கு இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். அன்று தன் கையை நம்பி யாருக்கும் சூடான சூப் ஊட்டவில்லை.

படம் அடுத்த வருடம் சபைக் கூடத்தில் ஓடியது. கப்பல் காத்திருக்கிறது. பாட்டு முடிகிறது. வெள்ளி உடை மனிதர்கள் அப்படியே நிற்கிறார்கள். ஆழமான முடிவு என்று யாரோ பாராட்டினார்கள். ஏன் ஒருவரும் ஏறவில்லை என்று ஒரு பெண் ஓசெல்லாவிடம் கேட்டாள்.

"கால் வரலம்மா," என்றாள் ஓசெல்லா.