மேடைக்கு முன்னால் பத்மாசினி

தவில்காரர் தனி வாசித்துக்கொண்டிருக்கும்போது, "அண்ணை, ஒருக்கா இஞ்சை பாருங்கோ!" என்று யாராவது கத்துவார்களா? பத்மாசினி கத்தினாள். அந்தப் பாவி மனுசனும் பார்த்துவிட்டார். பார்த்ததோடு நிற்காமல் பல்லையும் காட்டினார். கை ஒரு பக்கம் போக, தாளம் ஒரு பக்கம் போக, நாதஸ்வரக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்தார். கோயில் வீதியில் இருந்த சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

நான் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கொக்குவிலில் 'கந்தப்பு சவுண்ட்ஸ்' என்றால் தெரியும். கந்தப்பு என் தகப்பன். அவர் போய்ச் சேர்ந்து கனகாலம், சனம் இப்போது என்னைத்தான் கந்தப்பு என்கிறது. நானும் திருத்தித் திருத்தி அலுத்துப்போனேன். எந்தக் கச்சேரியிலும் மேடைக்கு எதிரே, சனத்துக்கு நடுவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரோடு குந்தியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கும் எழும்பிப்போய்க் கேட்டேன்.

"பிள்ளை, உமக்கென்ன விசரே? நில்லுங்கோ எண்டால் நிக்கிறதுக்கு இதென்ன கலியாணவீடே?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. பழக்கதோஷம்," என்றாள். முகம் சுருங்கிப்போயிருந்தது.

பழக்கதோஷம் என்பது உண்மைதான். எங்கள் ஊர்க் கலியாணவீட்டில் ஐயரைவிடப் பெரிய ஆள் கமராக்காரர். தாலி கட்டப்போகிற மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, தாலியை அப்பிடியே பிடியும். பொம்பிளை, நாடியைக் கொஞ்சம் தூக்கும்," என்பார். முகூர்த்தம் காத்துக்கொண்டு நிற்கும். ஐயரும் மந்திரத்தை இழுத்துக்கொண்டு நிற்பார். கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு எல்லா முகமும் நேரே தெரியவேண்டுமே! படம் சரிவரவில்லை என்றால் மாலையைக் கழற்றி இன்னொரு தடவை போடச் சொல்வார்கள். பத்மாசினி வேலை செய்த ஸ்ரூடியோவிலும் இதுதான் நடைமுறை. அவள் பல வருஷமாய் உள்ளே கம்பியூட்டரில் அல்பம் செய்துகொண்டிருந்தவள். கமரா பிடிக்கிற பெடியன்கள் ஒவ்வொருவராய் வெளிநாட்டுக்குப் பறக்க, முதலாளி ஜெனிஸ்ரன் வேறு வழியில்லாமல் அவளிடம் கமராவைக் கொடுத்துக் கோயில் கச்சேரிகளுக்கு அனுப்பத் தொடங்கினான். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

அன்றைக்கு நான் ஏசின ஏச்சுக்கு இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த கச்சேரிக்கும் வந்தாள். அதற்கு அடுத்ததற்கும் வந்தாள். இணுவில், நீர்வேலி, கீரிமலை என்று எங்கே நான் ஸ்பீக்கர் பெட்டி இறக்கினாலும், ஒரு பழைய ஸ்கூட்டியில் தனிய வந்து இறங்குவாள். பாதிக் கச்சேரிகளுக்கு அவளை ஒருவரும் கூப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கூலி இல்லாமல் வந்து மண்ணில் முழங்காலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளோடு யாரும் கதைப்பதில்லை. "தங்கச்சி, கொஞ்சம் விலகும், மறைக்குது," என்பதைத் தவிர.

இந்தக் கண்டறியாத வேலைக்கு என்ன காரணம் என்று கேட்டால், அவளுடைய தங்கச்சி.

தங்கச்சி தக்சாயினி நீர்வேலியில் கலியாணம் கட்டி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பிள்ளை பாடினால் நான் மிக்சரில் கை வைக்கத் தேவையே இல்லை. சின்ன வயதில் தாய் அவளை மட்டும்தான் பாட்டுக்கு விட்டாள். பத்மாசினி மூத்தவள், குசினியில் நின்றவள். கலியாணமும் அவளுக்குப் பொருந்தி வரவில்லை. தாயைக் கடைசிவரை பார்த்ததும் அவள்தான். தாய் கண்ணை மூடுமுன் கொக்குவில் வீட்டை மூத்தவளுக்கு எழுதிவிட்டாள். தக்சாயினி, "அம்மாவுக்குச் சோறு தீத்தித் தீத்தி வீட்டு உறுதியைத் தன்ரை பேரிலை எழுதி முடிச்சவள்," என்று செத்தவீட்டிலேயே சொன்னாள். பத்மாசினியும் சும்மா இருக்கவில்லை, "நீ எத்தினை நாள் வந்து மூத்திரத் துணி தோய்ச்சனி?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு அக்காவும் தங்கச்சியும் கோவம். எங்கள் ஊரில் கோவம் என்றால் என்னவென்று தெரியும்தானே? றோட்டில் கண்டால் முகத்தைத் திருப்புவது, நல்லநாள் பெருநாளுக்குச் சொல்லாமல் விடுவது. ஏழு வருஷம் அப்படிப் போனது.

ஆனால் தக்சாயினி பாடுவது கோயில்களில், கோயிலுக்குப் போக யாரும் அழைக்கத் தேவையில்லை. அதைத்தான் பத்மாசினி பிடித்துக்கொண்டாள். ஒருநாள் நான் பெட்டி பூட்டும்போது தானாகவே சொன்னாள்.

"கமரா இருந்தால் அவளை நேரே பாக்கலாம் அண்ணை. இல்லாட்டில் நான் எந்த முகத்தோடை முன்னுக்கு வந்து இருக்கிறது?"

"பாத்து என்ன கண்டனீர்? போய்க் கதைக்க வேண்டியதுதானே?"

"அவள்தான் முதல் கதைக்கவேணும். நான் மூத்தவள்," என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பேன்.

தங்கச்சி தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதற்காகத்தான் அவள் இந்தத் தொழிலையே பழகினாள். தங்கச்சியை வடிவாய் ஒரு படம் எடுத்து அனுப்பினால் சொல்லாமலா போவாள் என்பது அவள் கணக்கு. அந்த வடிவான படம்தான் லேசில் வரவில்லை. தொடக்கத்தில் பிளாஷ் அடித்தாள். வயலின் வாசித்த ஐயா வில்லைத் தூக்கிக்கொண்டு ஏசினார். பிளாஷை விட்டாள். பிறகு என்னுடைய கலர் லைற்றோடு சண்டைக்கு வந்தாள். "அண்ணை, பாடுறவையின்ரை முகமெல்லாம் கத்தரிக்காய் மாதிரிக் கிடக்கு. வெள்ளையைப் போடுங்கோவன்." என் லைற்றைக் குறை சொல்ல இவள் யார் என்று நான் குதித்தேன். வீட்டுக்குப் போய், அவள் அனுப்பின படத்தைப் போனில் பார்த்தேன். கத்தரிக்காய்தான். அடுத்த கச்சேரிக்கு வெள்ளை லைற் கொண்டுபோனேன், ஆனால் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மைக் வாயை மறைக்கிறது என்று இடப்பக்கம் போய்ப் பதிந்து இருக்கப் பழகினாள். கமராவின் 'கிளிக்' சத்தம் ஆலாபனைக்குள் கேட்கிறது என்று ஒருத்தர் குறைப்பட்டார். அதற்கு அவள் செய்த வேலைதான் என்னைக் கவனிக்கவைத்தது. மிருதங்கக்காரரின் அடி விழுகிற இடத்தில் மட்டும் அழுத்தத் தொடங்கினாள். அடியும் கிளிக்கும் ஒன்றாய் விழும், யாருக்கும் கேட்காது. அதற்கு அடி எப்போது விழும் என்று முதலே தெரியவேண்டுமே? முழங்காலில் விரலால் எண்ணிக்கொண்டு இருப்பாள். பாட்டே படிக்காத மனுசி, கேட்டுக் கேட்டு, பாடுகிறவர் எந்த இடத்தில் பல்லவிக்குத் திரும்புவார், எப்போது பக்கவாத்தியக்காரரைப் பார்த்துச் சிரிப்பார் என்றெல்லாம் பிடித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வரும்போது அவள் கை தயாராய் இருக்கும்.

"வீட்டிலை இதுதான் அண்ணை வேலை. பாட்டைப் போட்டிட்டு எண்ணிக்கொண்டு இருப்பன்," என்றாள் ஒருநாள். "இல்லாட்டில் விடிஞ்சால் மத்தியானம் மட்டுக்கும் என்ரை வாயிலையிருந்து ஒரு சத்தம் வராது. கடைக்காரனோடை கதைக்கேக்கைதான் தொண்டை கட்டிக்கிடக்கிறது தெரியும்."

"தேத்தண்ணி குடிக்கிறீரே?" என்று கேட்டேன். "ஓம்," என்றாள்.

தக்சாயினியின் படங்களை ஜெனிஸ்ரனின் போனில் இருந்துதான் அனுப்புவாள். "பாத்திட்டா அக்கா, வட்ஸ்அப்பிலை நீலச் சரி விழுந்திட்டுது," என்பான் அவன். மறுமொழி வராது. பத்மாசினி அடுத்த கச்சேரியில் இன்னும் கொஞ்சம் கிட்டப்போய் இருப்பாள். தக்சாயினியோ இந்தப் பக்கம் மட்டும் பார்க்கவே மாட்டாள். வயலினைப் பார்ப்பாள், மிருதங்கத்தைப் பார்ப்பாள், வானத்தைப் பார்ப்பாள். என்ன பிறவிகளோ இரண்டும்!

போன ஆடி மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தக்சாயினியின் கச்சேரி. அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் லண்டனில் இருந்து வந்த சிவசுப்பிரமணியம். நல்ல மனுசன், ஆனால் எல்லாம் படத்தில் வரவேண்டும் அவருக்கு. பின்னேரப் பூசை முடிந்ததும் கச்சேரி தொடங்கியது. நடுவில் நிறுத்தி, கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது இங்கே வழக்கம். மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் அவரே போர்த்தினார். பத்மாசினி கீழே நின்று அழகாய் எடுத்தாள். பிறகு தக்சாயினியின் முறை.

ஆம்பிளை ஒரு பொம்பிளைக்குப் பொன்னாடை போர்த்த மாட்டான். வீட்டுக்காரிதான் போர்த்தவேண்டும். சிவசுப்பிரமணியத்தின் மனுசியோ முழங்கால் ஒப்பரேசன் என்று லண்டனில் நின்றுவிட்டார். "பொம்பிளையள் ஆரும் ஒராள் வாங்கோ," என்று மைக்கில் கேட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெட்கப்பட்டார்கள். அவர் பொறுமையில்லாமல் கீழே குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, நீர் வாருமன். கமராவை உதிலை வைச்சிட்டு ஏறும்."

சிவசுப்பிரமணியம் ஊரைவிட்டுப்போய்க் கனகாலம், அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் பத்மாசினியைத்தான் பார்த்தோம். பத்மாசினி அசையாமல் நின்றாள். பிறகு கமராவைக் கதிரையில் வைத்துவிட்டு, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு மேடையில் ஏறினாள்.

ஐயோ, இதென்ன கோதாரி என்று எனக்குப் பதறியது. தக்சாயினிக்கு முன்னால் மைக் கிடக்கிறது. இவள்கள் வாயைத் திறந்தால் கோண்டாவில் வரைக்கும் கேட்கும். மிக்சரில் அந்த மைக்கை அப்படியே இறக்கினேன். ஊருக்குத்தான் அடைத்தேன். என் காதில் ஹெட்போன் இருந்தது, அதில் எல்லாம் கேட்டது.

பொன்னாடையை விரித்துத் தோளில் போடக் குனிந்தபோது, முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தக்சாயினி சொன்னாள்.

"அக்கா. விசா வந்திட்டுது. என்ரை மூத்த மகள் கூப்பிட்டிட்டாள். ஆவணியிலை எல்லாரும் கனடாவுக்குப் போறம்."

"ஓம்," என்றாள் பத்மாசினி.

"ஆரும் சொல்லி நீ அறியக்கூடாது. நானே சொல்லவேணும் எண்டு இருந்தனான்."

"ஓம்."

"நீ எடுத்த படமெல்லாம் வைச்சிருக்கிறன்."

இதற்கு ஓம் வரவில்லை. பத்மாசினி பொன்னாடையின் ஒரு நுனி நழுவினதை எடுத்துச் சரிப்படுத்தினாள். கொஞ்சம் அதிக நேரம் சரிப்படுத்தினாள். சனம் கை தட்டியது. நான் மைக்கை ஏற்றினேன்.

அந்த நேரம் பார்த்து சிவசுப்பிரமணியம், "படம் எடுத்தாச்சோ?" என்றார். யார் எடுப்பது? எடுக்கிற ஆள் மேடையில் நிற்கிறாள். "ஐயையோ, அப்ப இன்னொருக்கா போத்தவேணுமே! தங்கச்சி, நீர் இறங்கிக் கமராவை எடும். வேறை ஆரும் ஏறுங்கோ," என்றார். அந்த மனுசனை என்ன செய்தால் தகும் என்று எனக்கு வந்தது. ஆனால் எங்கள் ஊர் நியாயம் அதுதான். படம் இல்லாவிட்டால் அது நடக்கவில்லை. பத்மாசினி தங்கச்சியின் தோளில் தான் போட்ட பொன்னாடையைத் தானே கழற்றி மடித்தாள். முன்வரிசையில் இருந்த ஜெயனி என்கிற பெண் இப்போது துணிந்து ஏறி வந்தாள். அவள் போர்த்த, பத்மாசினி கீழே மண்ணில் முழங்காலில் நின்று எடுத்தாள்.

அந்தப் படத்தைப் பிறகு பார்த்தேன். லண்டனுக்குப் போன அல்பத்தில் அதுதான் முதல் பக்கம். யாரோ ஒருத்தி பொன்னாடை போர்த்துகிறாள். தக்சாயினி அவளைப் பார்க்கவில்லை. நேரே கமராவைப் பார்க்கிறாள், கண் நிறைந்து கிடக்கிறது. பத்மாசினி எடுத்த படங்களிலேயே சிறந்த படம் அதுதான் என்று ஜெனிஸ்ரன் சொன்னான். நானும் அப்படித்தான் சொல்வேன்.

கச்சேரி முடிந்ததும் தக்சாயினியின் புருசன் வானை ஓட்டிக்கொண்டு வந்தான். ஏறும்போது அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பத்மாசினி தலையை ஆட்டினாள். வான் போய்விட்டது. சனம் கலைந்தது. நான் வயர் சுற்றத் தொடங்கினேன். அவள் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"தங்கச்சி என்ன சொன்னவள் எண்டு கேக்கமாட்டியளே?"

"கேட்டது பிள்ளை. ஹெட்போன் போட்டிருந்தனான்."

நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "கதைச்சிட்டாள்தானே. நீர் கேட்டது கிடைச்சிட்டுது. கோவம் தீர்ந்திட்டுது. இனிப் போன் எடுப்பாள், வீடியோவிலை கதைக்கலாம்," என்று அடுக்கினேன். அவள் என்னைப் பார்க்காமல், விளக்கணைந்த மேடையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு கறி நல்லாய் வந்தால் அண்ணை, இதை அவளுக்கு ஒரு நாளும் குடுக்கக்கூடாது எண்டு நினைச்சு நினைச்சுத்தான் சாப்பிடுவன். ஸ்கூட்டியிலை வரேக்கை அவளோடை மனசுக்குள்ளை சண்டை பிடிச்சுக்கொண்டுதான் வருவன். நீர்வேலியிலை ஒருத்தி என்னை நினைச்சுக் கறுவிக்கொண்டு இருக்கிறாள் எண்டு ஒரு துணை இருந்தது."

"விசர்க்கதை கதையாதையும்," என்றேன்.

"இனி எனக்குக் கோவிக்கிறதுக்கும் ஆளில்லை அண்ணை," என்றாள் பத்மாசினி.