இவர் ஏன் அழுகிறார்?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் கையில் நரம்பு தேடியவள். ஒருநாளும் கை நடுங்கியதில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று அறிவிப்பு வந்ததும், கூட வேலை பார்க்கும் சின்னப் பெண் எல்லோர் போனுக்கும் ஒரு ஸ்டிக்கர் தட்டிவிட்டாள். கறுப்பு வெள்ளையில் வாயைப் பிளந்து அழுகிற நடுவயது ஆள். கீழே, ‘ஞாயிறுமா?’ கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

“இது எங்கப்பா” என்றாள் ஊசி அக்கா.

சின்னப் பெண் அதையும் ஜோக் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

அப்பா ஸ்டுடியோ வாசலிலேயே தவம் கிடந்தவர். கூட்டத்தில் ஒருவராக முப்பது படம். முகம் தெரிய நடித்தது ஒன்றே ஒன்று, அதிலும் நாலு நிமிஷம். மகளை வழியனுப்ப அவள் பெட்டியோடு ஓடிவந்து, ரயில் போய்விட்டதைப் பார்த்து உடைகிற தகப்பன் வேஷம். அவர் காலமாகிப் பதினோரு வருஷம்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

“விடுக்கா. இருந்தப்ப யாருக்கும் அவரைத் தெரியல. இப்ப ஊரே பாக்குது. சந்தோஷப்படு.”

“ஊரு மூஞ்சியப் பாக்குதுடா. படத்தப் பாக்கல.”

“அதுக்கு? ஸ்டிக்கரை நிறுத்திடுவியா?”

“நிறுத்தல. முழுசா காட்டப்போறேன்.”

சொன்னது சுலபம். படத்தின் பிரதி எங்கே இருக்கிறது என்று கேட்டு இரண்டு மாதம் அலைந்தாள். தயாரிப்பாளரின் மருமகள் முதலில் பிடிகொடுக்கவில்லை. நாலாவது தடவை போனபோது, இவள் தொல்லை தாங்காமலோ என்னவோ, காட்ட அனுமதி எழுதிக் கொடுத்து ஒரு டிஸ்க்கையும் கையில் வைத்தார். நூலகத்தின் மாடி அறையைக் கேட்டாள். “பழைய படத்துக்கு யாரும்மா வருவா? ஈ ஓட்டணும்” என்றார் நூலகர். அவள் அசரவில்லை. அதே ஸ்டிக்கர் முகத்தைப் பெரிதாக அச்சடித்து, ‘இவர் ஏன் அழுகிறார்? ஞாயிறு மாலை நான்கு மணி. பார்த்துவிட்டுப் பேசலாம்’ என்று தெருவெல்லாம் ஒட்டினாள்.

நாற்பது பேர் வந்தார்கள். ரயில் காட்சியில் அப்பா வாயைத் திறந்ததும் அறை குபீரென்று சிரித்தது. அவளுக்கு எழுந்து போய் நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் ஓடியது. அப்பா தோள் துண்டில் முகத்தைத் துடைத்தார், பெட்டியைத் திரும்பத் தூக்கினார், அடுத்த ரயில் எப்போது என்று கூலிக்காரரிடம் கேட்டார், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அதற்குள் சிரிப்பு தானாக அடங்கியிருந்தது.

விளக்கு போட்டதும் முடிதிருத்துபவர் ஒருவர் எழுந்தார். “தப்பா நினைக்காதீங்க. அழுகை கொஞ்சம் ஓவர்தானே?”

“ஓவர்தான்” என்றாள். “நாடகத்துல இருந்தவர். கடைசி வரிசைக்கும் போய்ச் சேரணும்னு பழகினவர். ஆனா அந்தப் பெட்டியத் தூக்கினாரே, அதுல என்ன ஓவர்?”

அவர் யோசித்தார். “அது... இல்லதான்.”

இன்றைக்கு வருகிற படங்களில் யார் ரயிலைத் தவறவிட்டாலும் கேமரா இதே மாதிரி ஆளைச் சின்னதாக்கிக்கொண்டே பின்னால் போகிறது என்று ஓர் ஆசிரியை ஆரம்பித்தார். அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று ஆறரை மணி ஆகிவிட்டது. போகும்போது சின்னப் பெண் பக்கத்தில் வந்து தயங்கினாள். “இனிமே அனுப்பலக்கா.”

“அனுப்பு. யாருன்னு கேட்டா மட்டும் சொல்லு.”

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அந்த மாடி அறை அவளுடையது. தம்பியும் வருகிறான். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு அக்கா சொல்வதற்கெல்லாம் எதிர்க்கட்சி பேசுகிறான். அடுத்த மாதத்துக்கு நினைத்திருக்கிற படத்தின் பிரதி இன்னும் அகப்படவில்லை. மூன்று பேர் கைவிரித்துவிட்டார்கள். நாலாவது ஆளின் விலாசத்தை வாங்கிவிட்டாள், வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறாள்.