பேர் போடாத புகாரும் ஒரே ஒரு மாணவியும்

புகார் வாங்குகிற உத்தியோகத்தில் ஒரு வசதி, நல்ல சேதி சொல்கிறேன் என்று யாரும் வந்து உயிரை வாங்க மாட்டார்கள். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் புகார்ப் பிரிவில் போய் உட்காருவது என் பிழைப்பு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பாவிகளே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

பெட்டி

சேர்ந்த புதிதில் தாழ்வாரத்தில் ஒரு புகார்ப் பெட்டி மாட்டினோம். 'பெயர் எழுதத் தேவையில்லை' என்று கொட்டை எழுத்தில் ஒட்டினேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் ஒரு பஸ் டிக்கெட்டும், கேன்டீன் சாம்பாரைத் திட்டி நாலு வரியும். "பாத்தீங்களா, இங்க தப்பே நடக்கல" என்று பதிவாளருக்கு ஒரே பூரிப்பு. எனக்கும்தான். வடலூரிலிருந்து வருகிற ஒரு பி.எஸ்ஸி. பெண் மேலே கையைக் காட்டினாள். "பொட்டிக்கு நேர் மேல கேமராவ வச்சிகினு, பேரு எழுத வாணாம்னு சொல்றீங்களே மேடம்!"

மூன்று வழி

கேமராவைத் திருப்பி வைத்த பிறகு செல்வி வந்தாள். காடாம்புலியூர்ப் பெண், பிஎச்.டி. மாணவி. அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவள் எழுதிய கட்டுரையை அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தன் பெயரிலும் மருமகன் பெயரிலும் ஆய்விதழில் போட்டுவிட்டார். கேட்டதற்கு, "தீசிஸ்ல என் கையெழுத்து வேணுமா, வேணாமா?" என்றாராம்.

நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். என்னிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போகலாம், மேற்கொண்டு எதுவும் செய்ய மாட்டோம். பேர் போடாமல் எழுதித் தரலாம். பேரும் கையெழுத்தும் போட்டால் முறையான விசாரணை. இரண்டாவதுதான் பாதுகாப்பு என்று அறிவுரை வேறு. செல்வி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவருகிட்ட பிஎச்.டி. பண்றது நான் ஒருத்திதாங்க. பேரு போடலன்னா மட்டும் யாருன்னு தெரியாதுங்களா?"

கையெழுத்து

மறுநாள் அப்பாவோடு வந்தாள். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார் மனிதர். செல்வி பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவர் அவளை அதட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "பேரு போட பயந்துகினு இருந்தா, அப்பறம் எதுக்கும்மா உனக்குப் பேரு வச்சது?"

கமிட்டி

ஃபைலோடு பதிவாளரிடம் ஓடினேன். விசாரணைக் கமிட்டியில் ஐந்து பேர். மூன்றாவது பெயர் சாட்சாத் அதே பேராசிரியர்! சுட்டிக்காட்டினேன். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர எடுத்துட்டா, அந்தக் கமிட்டியில விஷயம் தெரிஞ்சவங்க யாரும்மா இருக்கா?"

விசாரணை

கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, அவரை எடுத்துவிட்டு வெளியிலிருந்து ஒரு பேராசிரியையைப் போட வைத்தேன். "நான் சொல்லச் சொல்ல எழுதின பொண்ணு இது" என்றார் நம் ஆள். செல்வி அச்செடுத்த மின்னஞ்சல்களைக் கட்டாக எடுத்து வைத்தாள். ஒவ்வொரு முறை திருத்தி எழுதியதையும் அவருக்கு அனுப்பியிருந்தாள். அவர் பதில்கள்: 'சரி', 'ம்', 'சீக்கிரம்'. வெளியூர் அம்மா கடைசித் தாள்வரை நிதானமாகப் புரட்டினார். "நீங்க சொல்லச் சொல்லன்னு சொல்றீங்க. மொத்தமா நீங்க சொன்னதே மூணு வார்த்தைதானே சார்?"

தீர்ப்புக்குப் பிறகு

கட்டுரை செல்வியின் பெயருக்கு மாறியது. வேறு வழிகாட்டி கிடைத்தார். இதிலெல்லாம் ஒரு வருஷம் போனது, அதை அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. பேராசிரியருக்கு எச்சரிக்கைக் கடிதம்; இனி பிஎச்.டி. மாணவர்கள் கிடையாது. மறுவாரம் அவரே என் கவுண்டருக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "புகார் குடுத்தவங்க மேலயே புகார் குடுக்கணும்னா எந்த ஃபாரம்மா?"

தப்பு செய்கிறவருக்கு எந்த ஃபாரமும் தேவைப்படுவதில்லை, அதைச் சொல்ல வருகிறவர்தான் மூன்று நகல் எடுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.