கேட்கக் கூடாத கேள்வி

மாமா தன் புளூடூத் ஸ்பீக்கரை எனக்குத் தந்தபோது எனக்கு ஒன்பது வயது. மாமா அம்மாவின் தம்பி. படகில் பாட்டுக் கேட்பதற்கென்று அவர் வாங்கியது அது. அதுவரை அதை நான் தொடக்கூட விட்டதில்லை. பள்ளிக்கூடக் கலைவிழாவில் நான் பாடிய பாட்டுக்குத்தான் இந்தப் பரிசு என்று நானே முடிவு செய்து, வீடு அதிரப் பாட்டுப் போட்டேன்.

அந்த மாரிமழைக் காலத்தில் மாமாவின் படகு கவிழ்ந்திருந்தது. கூடப்போன சிநேகிதன் திரும்பவில்லை. அதன்பின் மாமா கடலுக்குப் போகாமல், எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்து அறையில் சுவரைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்தே இருந்தார். கவலை என்றார்கள் பெரியவர்கள். காய்ச்சலைப் போல அதுவும் தானாக இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன்.

ஸ்பீக்கரைத் தந்த அன்று மத்தியானம் காக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். கிண்ணியா ஊர் முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லாருக்கும் அவர் காக்கா; இறங்குதுறையடியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர். வியாபார நேரத்தில் கடையை விட்டு அவர் அசைந்ததை யாரும் கண்டதில்லை.

"தங்கச்சி, உங்கட தம்பி சைக்கிளைக் கொண்டுவந்து தந்திட்டுப் போறார். வச்சுக்கொள்ளுங்க காக்கா, எனக்கு இனி வேணாம் எண்டார். அவர்ட கதை எனக்குச் சரியாப் படல்ல."

அம்மா திரும்பி என் கையிலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். "அது எங்கால உனக்கு?"

"மாமா தந்தவர். இனித் தேவைப்படாதாம்."

அடுப்பை நிறுத்தாமலே அம்மா பின்பக்கம் ஓடினார். காக்காதான் குசினிக்குள் போய் அதை நிறுத்திவிட்டுப் பின்னால் போனார். கதவோரம் நான் ஒட்டிக்கொண்டேன்.

மாமாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கைகளையும் அம்மா பிடித்துக்கொண்டார். "தம்பி, நேராக் கேக்கிறன். செத்துப்போக நினைக்கிறியோ?"

அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொன்னாலே அது நடந்துவிடும் என்று நம்பிய வயது. இல்லாத நினைப்பை அம்மாவே அவருக்குள் போடுகிறார் என்று பயந்தேன்.

"ஓம் அக்கா. என்னால ஏலாது" என்றார் மாமா. பிறகு அழத் தொடங்கினார். அம்மா ஏசவில்லை, கையை விடவுமில்லை.

"அழுங்க தம்பி" என்று காக்கா பக்கத்தில் இருந்தார். "நாங்க ஒருத்தரும் போகல்ல. ஆசுப்பத்திரிக்கும் ஒண்டாவே போவம்."

ஓட்டோவில் மூவரும் போனார்கள். அவர்கள் திரும்பி வந்தபின் மாமாவின் அறை வெறுமையாக இருந்ததே இல்லை. படகுக்காரர்கள் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தினார்கள். காக்காவின் மனைவி சாப்பாட்டோடு வந்து, மாமா உண்ணும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். மருந்துக்குப் போகும் நாட்களில் யாராவது ஒருவர் கூடப்போனார்கள்.

ஆனால் அம்மா அந்தக் கேள்வியை விடவில்லை. "இண்டைக்கு அந்த நினைப்பு வந்ததோ?" என்று தினமும் கேட்பார். "வந்தது" என்பார் மாமா. சில நாட்களில், "கொஞ்சம்." ஒவ்வொரு தடவையும் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

ஒருநாள் தாங்காமல் கத்திவிட்டேன். "ஏனம்மா அதையே கேக்கிறீங்கள்? மாமா மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்திறீங்கள்!"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேக்கட்டும் பிள்ளை. கேட்டாத்தான் எனக்குச் சொல்ல ஏலும்" என்றார்.

அக்காவுக்கு நோகக்கூடாது என்றுதான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.