ஆளுக்குப் பாதி ஏரோப்ளேன்

எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தபோது, ஒரு ஜோடிக் குத்துவிளக்கில் ஒன்று எங்களுக்கு வந்தது, இன்னொன்று சித்தப்பாவுக்குப் போனது. அண்டா எங்களுக்கு, அதன் மூடி அவர்களுக்கு. பங்கு பிரித்த பெரியவர்கள் அவ்வளவு நியாயஸ்தர்கள். ரேடியோவில் பறக்கும் பொம்மை ஏரோப்ளேனையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஏரோப்ளேன் ஒரு சாமான், அதைத் திருப்புகிற பெட்டி ஒரு சாமான் என்று எண்ணி, முன்னதைச் சித்தப்பாவுக்கும் பின்னதை அப்பாவுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் மிஷன் பள்ளியில் படித்த காலத்தில், தன் தேசத்துக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார வாத்தியார் இருவருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டுப் போனது அது. மூக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் இன்ஜின். பெட்டியில் ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் வலப்பக்கம் திரும்பும், விட்டால் நேரே போகும். நிறுத்த வழி கிடையாது, எண்ணெய் தீர்ந்ததும் தானாக இறங்கும். சித்தப்பா எறிவார், அப்பா பொத்தானை அமுக்குவார், அவர்களுடைய ஒரே தங்கையான என் அத்தை முள்ளுக்குள் ஓடிப்போய் எடுத்து வருவாள். எடுத்து வருவதோடு சரி, ஒருநாளும் அதை அவள் தொட்டு விளையாட விட்டதில்லை.

சண்டை, நாங்கள் சேர்ந்திருந்த செல்லூர் வீட்டின் முன்னறைக்காக வந்தது. சித்தப்பா அதில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கணக்கு வாத்தியாரான அப்பா கோபித்துக்கொண்டு எங்களைக் கோச்சடைக்குக் கூட்டிவந்துவிட்டார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கல்யாணத்துக்குப் போனாலும் ஒருவர் பந்தியில் எழுந்த பிறகுதான் இன்னொருவர் உட்காருவார். மூன்றாம் வகுப்புப் படித்த நான் மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய்வரலாம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்த நிலைமையில்தான் உசிலம்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டிருந்த அத்தை, தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எந்த மாமன் மடி என்பதிலேயே அடுத்த சண்டை கிளம்பியது. மாமன்மார் இரண்டு பேர் இருந்தும் மடிக்கு ஆளில்லை என்று அத்தையின் மாமியார் வீட்டில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை கோச்சடைக்கு வந்து அப்பாவிடமும், அங்கிருந்து செல்லூருக்குப் போய்ச் சித்தப்பாவிடமும் ஒரே பேச்சைப் பேசிவிட்டுப் போனாள்.

"எனக்கு நகையும் வேணாம், சீலையும் வேணாம். ரெண்டு பேரும் சேந்து அந்த ஏரோப்ளேனப் பறக்கவிட்டாத்தேன் காதுகுத்து. அதுதேன் எனக்குச் சீரு. இல்லாட்டி எம்மகன் மூளிக்காதோட திரியட்டும்."

அம்மாவுக்கு வேறு பயம். பறக்காவிட்டால் உன் பாதியால்தான் கெட்டது என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள், அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்குக்கூட முகம் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

நான் செல்லூருக்குத் தூது போனேன். சித்தப்பா ஏரோப்ளேனைப் பரணிலிருந்து இறக்கியபோது இறக்கையைக் கரையான் தின்றிருந்தது. இன்ஜின் எண்ணெயில் கலந்திருந்த பழைய விளக்கெண்ணெய் இறுகிப்போய் அது அசையவில்லை. அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். உடைந்த எலும்புகளுக்கு மூங்கிலைச் சீவி ஒட்டினார். மேலே பட்டம் செய்கிற காகிதத்தை மைதாப் பசையால் போர்த்தி, வார்னிஷ் அடித்து விறைப்பாக்கினார். இன்ஜினுக்கு ஊற்ற ஈதர் கலந்ததில் வீடே ஆஸ்பத்திரி மாதிரி வாசனை அடித்தது. சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தாள். இறக்கைக்கு அடியில் விரலைக் கொடுத்து நிறுத்திப் பார்ப்பார், முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும். எல்லாம் எனக்குக் காட்டினார். நடு வயிற்றில் இருந்த, பெட்டியின் சைகையை வாங்குகிற ரிசீவரை மட்டும் காட்டவில்லை. "ஒங்கப்பாகிட்ட சொல்லு, எம் பாதி ரெடி" என்பார்.

அப்பாவோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தார். வெளியே வரும்போது வேட்டியெல்லாம் பச்சைப் பொடியாக இருக்கும், முகம் இருண்டிருக்கும். "எம் பாதி எப்பவோ ரெடின்னு சொல்லு" என்பார். அந்த மாதம் எங்கள் வீட்டு டார்ச் மட்டும் வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்று எரிந்தது.

காதுகுத்து அன்று, கோயிலை ஒட்டிய வறண்ட கண்மாயில் ஊரே கூடியிருந்தது. அத்தையின் மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அத்தை மகன் அவள் மடியில் இருந்தான். மேல்காற்று வேறு வீசியது. அப்பா பெட்டியைக் கழுத்தில் மாட்டி, ஏரியலை இழுத்துவிட்டு நின்றார். சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து விரலால் காற்றாடியைச் சுண்டிக்கொண்டிருந்தார். இன்ஜின் இருமியது, நின்றது. மறுபடி சுண்டினார், காற்றாடி விரலைக் கிழித்து ரத்தம் கொட்டியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஒரு சுண்டு. கீச்சென்று அலறிப் பிடித்துக்கொண்டது இன்ஜின்.

"ஒங்கப்பாவ ரெடியான்னு கேளு" என்றார் சித்தப்பா என்னிடம். அப்பா கையெட்டும் தூரத்தில்தான் நின்றார்.

"ரெடின்னு சொல்லு" என்றார் அப்பா. நான் சொன்னேன்.

சித்தப்பா நாலெட்டு ஓடி எறிந்தார். அது தரையை உரசுகிற மாதிரி தாழ்ந்து, பிறகு மூக்கைத் தூக்கி ஏறியது. கூட்டம் ஓவென்று கத்தியது. ஆனால் அது நேரே பனைமரங்களைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அப்பா பொத்தானை அமுக்கினார். திரும்பவில்லை. மறுபடி அமுக்கினார். போச்சு, போச்சு என்றாள் அத்தையின் மாமியார்.

"அண்ணே! வலது, வலது!"

சித்தப்பாதான். தூதுக்கு நான் பக்கத்தில் நிற்பது அவருக்கு மறந்துபோயிற்று. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டைவிரல் வெளுக்க அமுக்கினார். பனைமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏரோப்ளேன் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, வளைந்து, எங்கள் தலைக்கு மேல் வந்தது. கண்மாயே விசிலடித்தது. என் அப்பா, என் அப்பா என்று நான் குதித்தேன். அது வட்டம் போட்டது. ஒவ்வொரு வட்டத்துக்கும் காற்று அதைக் கருவேலங்காட்டுப் பக்கம் தள்ளியது. திடீரென்று இன்ஜின் நின்றது. சத்தமில்லாமல் அது இறங்கத் தொடங்கியது.

"விட்டுறாதண்ணே, விட்டுறாத!"

"பிடிச்சிருக்கேன்டா. நா பிடிச்சிருக்கேன்."

காட்டின் ஓரத்தில் ஒரு முள்செடி மேல் இறங்கி, இறக்கை கிழிந்து நின்றது. இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். அவர்களை முந்திக்கொண்டு, பட்டுச்சேலையோடு அத்தை முள்ளுக்குள் இறங்கினாள். திரும்பி வரும்போது ஏரோப்ளேன் அவள் கையில்தான் இருந்தது, யாரும் கேட்டு வாங்கவில்லை. அத்தை மகனை ஆளுக்கொரு தொடையில் தாங்கிக்கொண்டார்கள். அவன் ஊர் கேட்க அலறினான். அத்தை அவனைவிட அதிகமாக அழுதாள்.

அப்பா ஏரோப்ளேனை வானத்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் நான் சொல்லாத ஆள் இல்லை.

கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள், சித்தப்பா கடையில் உட்கார்ந்து அதே கதையை ஆரம்பித்தேன். அவர் ஒரு ரேடியோவுக்குள் தலையை விட்டபடியே சொன்னார். கரண்டு கொடுத்த அன்றைக்கே ரிசீவர் கருகிவிட்டதாம். மெட்ராஸ் வரை சொல்லி வைத்தும் அதற்கு உதிரிப்பொருள் கிடைக்கவில்லையாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எடைக்கு ஈயத்தை வைத்து, வேகம் பிடித்ததும் தானாகவே வட்டம் போடும்படி வாலைக் கொஞ்சம் வளைத்து நூலால் இழுத்துக் கட்டிவிட்டாராம். "ஒங்கப்பாகிட்ட சொல்லிப்புடாத. அம்புட்டுப் பேருக்கு முன்னால அண்ணேந்தான் திருப்புச்சு. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

நான் சொல்லவில்லை. பிறகொரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டி அலமாரிக்கு மேலிருந்து இறங்கியது. மூடியைத் திறந்தேன். பழைய பேட்டரி கசிந்து கம்பிகளையெல்லாம் அரித்துத் தின்றிருந்தது. எங்கும் அதே பச்சைப் பொடி. பேட்டரி வைக்கும் குழி காலியாக இருந்தது. புது பேட்டரிகள் டார்ச்சுக்குப் போன கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா நிற்கிறார்.

"அன்னைக்கே இப்படித்தேன்" என்றார். "செத்த பெட்டிக்கு ஏரோப்ளேன் திரும்புதுன்னா, அவந்தேன் என்னமோ செஞ்சிருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. அவன்ட்ட கேட்டுறாத. பாவம், நாந்தேன் திருப்புனேன்னு நா நம்பிக்கிட்டிருக்கறதா அவன் நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."

விட்டுவிடாதே என்று ஒருவர் கத்தினார். பிடித்திருக்கிறேன் என்று இன்னொருவர் கத்தினார். அந்த ஏரோப்ளேனை யாருமே பிடித்திருக்கவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். நடுவில் நின்ற நான் மட்டும் ஏரோப்ளேனைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தேன்.