தேதி மட்டும் புதுசு

அந்தச் செய்தித் தளத்தில் அக்காவுக்கு வேலை காலை ஐந்தரைக்கே தொடங்கிவிடும். என்ன வேலை தெரியுமா? பழைய செய்திக்குத் தேதி மாற்றுகிற வேலை. சிரிக்காதீர்கள். பதினோரு வருடம் நிருபராகத் தெருத்தெருவாக அலைந்தவளுக்குக் கடைசியில் கிடைத்த பிழைப்பு இது.

மழை பிடித்துக்கொண்டால் ஊரே கைபேசியில் 'இன்று தேர்வு நடக்குமா' என்று தேடும். தேடுபொறி யாரை மேலே காட்டுகிறதோ அவன் பக்கம்தான் கூட்டம் போகும். புதிதாக எழுதினால் மேலே ஏற நேரமாகும். போன வருடமே மேலே ஏறிய பக்கத்துக்குத் தேதியை மட்டும் மாற்றினால் உடனே முதலிடம். அதனால் அலுவலகத்துச் சட்டம்: முதலில் தேதி, பிறகு விவரம். சட்டம் போட்ட மகராசனுக்கு அக்கா வைத்த பட்டப்பெயர் நம்பர் ஒன். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடினார்கள் என்பது அவனுக்கு விரல் நுனியில் இருக்கும். செய்தி என்றால் என்ன என்பதுதான் தெரியாது.

அன்று விடிய விடிய மழை. ஆறு மணிக்கே நம்பர் ஒன் குதிக்க ஆரம்பித்துவிட்டான்.

"அந்த நர்ஸ் பரீட்சைப் பக்கத்த மேல ஏத்துங்க! அடுத்தவன் போட்டுட்டான்!"

"தேர்வு ஆபீஸ்ல இன்னும் யாரும் போனே எடுக்கல. உள்ள இருக்கிறது போன வருஷ விவரம். கேட்டுட்டுப் போடறேனே."

"தேதிய மாத்திட்டுக் கேளுங்க. இதெல்லாம் நான் சொல்லணுமா?"

மாற்றினாள். போன வருட வெள்ளத்தில் எழுதிய வரி அப்படியே உள்ளே கிடந்தது: 'இன்றைய செவிலியர் தேர்வு ஒத்திவைக்கப்பட்டது.' எட்டே முக்காலுக்குத்தான் அந்த அலுவலகத்தில் போனை எடுத்தார்கள். ஒத்திவைப்பெல்லாம் இல்லை, ஒன்பதரைக்குத் தேர்வு என்றார்கள். அடித்துப் பிடித்துத் திருத்தினாள்.

அவளுடைய தங்கைக்கும் அன்று அதே தேர்வு. ஒன்பது வருடமாக ஒப்பந்த நர்ஸ். அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். வேலை நிரந்தரமாக இதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வு மையம் இரண்டு மணி நேரப் பயணம். இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று அக்கா நிம்மதியாக இருந்தாள்.

பத்தரைக்கு நம்பர் ஒன் எல்லோரையும் கூப்பிட்டுக் கை தட்டச் சொன்னான். மூன்று லட்சம் பேர் வந்தார்களாம்! கைதட்டலுக்கு நடுவே தங்கையின் போன்.

"பரீட்சை நடக்குதாமேக்கா? பஸ் ஸ்டாப்புல நனைஞ்சுக்கிட்டே உங்க சைட்டப் பார்த்தேன். தள்ளி வச்சாச்சுன்னு இருந்துச்சு. திரும்பி வந்து படுத்துட்டேன்."

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நம்பர் ஒன்னிடம் போய்க் கத்தினாள். "தப்பாப் போட்டோம்னு அந்தப் பக்கத்துல மேலயே எழுதணும்!"

"அதான் திருத்திட்டோம்ல? தப்புன்னு மேல எழுதினா பக்கம் கீழ போயிடும்."

"போகட்டும்யா! பாதாளத்துக்கே போகட்டும்!"

தன் இடத்துக்கு வந்து எழுதினாள்: 'காலை ஆறு முதல் எட்டே முக்கால் வரை இங்கே இருந்தது பொய். தேர்வு ஒத்திவைக்கப்படவில்லை. எங்களை நம்பியவர்கள் மன்னிக்கவும்.' அவன் அழித்தான். மறுபடி போட்டாள். மறுபடி அழித்தான். நான்காவது முறை அவள் கணக்கையே முடக்கிவிட்டான். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பாவி, சண்டாளன் என்று வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டிக்கொண்டே தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

தங்கை தேர்வுக்குக் கட்டிய சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அக்காவைக் கண்டதும் வெடித்தாள்.

"அந்தத் தேதியப் போட்டவன் நல்லா இருப்பானாக்கா? அவன் கை வெளங்குமா? யாருக்கா அவன்? பேரச் சொல்லு!"

நம்பர் ஒன்னின் பெயர் அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. வாசற்படியிலேயே நின்றாள்.

"நான்தான்டி போட்டேன்."